மருஹா மல்லோவின் ‘லா வெர்பேனா’: வெறும் வண்ணக் கொண்டாட்டமா?

செந்தாழை:
ஸ்பெயின் நாட்டு ஓவியர் மருஹா மல்லோ 1927-இல் வரைந்த ‘லா வெர்பேனா’ மாட்ரிட் ரெய்னா சோஃபியா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. புனிதர் நாளையொட்டி மாட்ரிட் தெருக்களில் நடக்கும் கோடைத் திருவிழாதான் வெர்பேனா. ராட்டினம், வேடம், கூட்டம்... பார்க்க நன்றாக இருக்கிறது, சரி. இதில் புதுமை எங்கே? அதே ஊர்த் திருவிழாக்களை இன்னொரு ஸ்பானிய ஓவியர் குத்தியெரெஸ் சொலானா இருண்ட நிறங்களில் வரைந்தார். அந்த முகமூடிகளைப் பார்த்தால் வயிற்றைப் பிசைகிறது. கலை என்றால் அது.

நீலவேணி:
வண்ணம் பளிச்சென்று இருந்தால் கனம் இருக்காதா? படத்தை உற்றுப் பாருங்கள். ஒற்றைக்கண் ராட்சதன், கிதாரோடு பிச்சை கேட்பவர், கேளிக்கையில் மெய்ம்மறந்த பாதிரியார், எல்லோரும் ஒரே நெரிசலில். பெரியவர், சிறியவர் என்ற வரிசையே கிடையாது. 1923 முதல் பிரிமோ தெ ரிவேராவின் ராணுவ ஆட்சி நடந்த நாட்டில், 25 வயதுப் பெண் வரைந்த படம் இது.

செந்தாழை:
அரசியலை நீங்களாக ஏற்றிச் சொல்கிறீர்கள். 1928-இல் மல்லோவின் இத்தகைய திருவிழாப் படங்களுக்குக் கண்காட்சி வைத்தவர் தத்துவவாதி ஒர்தேகா இ கஸ்ஸெத், தன் பத்திரிகை அலுவலகத்திலேயே. புதிய கலை பெருவாரி மக்களுக்கானது அல்ல என்று 1925-இல் நூலே எழுதியவர் அவர். தெருச் சனம் கனவான்களின் கூடத்துக்கு அலங்காரமாகப் போனதுதான் மிச்சம்.

மாடவீதி:
இடம் கொடுத்தவரின் கொள்கையை ஏன் வரைந்தவர் தலையில் கட்டுகிறீர்கள்? பழைய ஸ்பானிய ஓவியர் கோயா 1788-இல் மாட்ரிட்டின் சான் இசித்ரோ திருவிழாவை வரைந்தபோது பார்வை மேட்டிலிருந்து இறங்குகிறது. ஆற்றுக்கு அப்பால் நகரம், கீழே பொடிப்பொடியாகக் கூட்டம். மல்லோவிடம் அந்த மேடே இல்லை. பார்வை போய் முடியும் ஒரு புள்ளியும் இல்லை. ஒன்றின் மேல் ஒன்றாக ஏழெட்டுக் காட்சிகள் ஒரே நேரத்தில் நடக்கின்றன. நாமும் கூட்டத்துக்குள் இடிபட்டுத்தான் ஆகவேண்டும். நீங்கள் கேட்ட புதுமை அதுதான்.

செந்தாழை:
அமைப்பு புதிது என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் 1932-இல் பாரிஸில் சர்ரியலிச (மீயதார்த்த) இயக்கத் தலைவர் ஆந்த்ரே பிரெத்தோன் விலைக்கு வாங்கியது அவருடைய சோளக்கொல்லைப் பொம்மைப் படத்தை. திருவிழாவை விட்டு எலும்பும் குப்பையும் வரையத் தொடங்கிய பிறகு வந்தது அது.

நீலவேணி:
பாரிஸ் வாங்கியதுதான் அளவுகோலா? துயரத்தை ஆழம் என்றும் மகிழ்ச்சியை மேலோட்டம் என்றும் பிரிக்கும் பழக்கத்தைத்தான் நான் மறுக்கிறேன். அந்தப் பாதிரியாரைக் கூட்டத்துக்குள் இழுத்துவிட்டது அழுகை அல்ல, கொண்டாட்டம். சொலானாவின் இருட்டு செய்யாத வேலை அது.