நாலரை மாசக் குட்டி, பாயில இரி எண்டா இரிக்குதில்ல, கண்டதெல்லாம் கடிக்குது

கல்லடித் தம்பி:
எங்கட வீட்டுக் குட்டி ஊர் நாயும் லப்ரடோரும் கலந்தது, ஆண். விறாந்தையில பாய் போட்டு இரி எண்டா இரிக்கும், நான் அங்கால கிறுகினாப் போதும் எழும்பி வந்துரும், வந்து கதிரைக் கால், செருப்பு, இப்ப அப்பாட மீன் வலையையும் பிய்ச்சிப் போட்டுது. அம்மா கட்டிப் போடச் சொல்றா, நாள் முழுக்கக் கட்டி வைக்க எனக்கு மனம் வருதில்ல. ஆராச்சும் பழக்கின ஆக்கள் சொல்லுங்க.

ஆரையம்பதி அக்கா:
தம்பி முதல்ல வலையை உயரத்துல ஏத்துங்க, மத்ததெல்லாம் பிறகு. கதிரைக் கால் போனாப் போகட்டும், நைலோன் நூல விழுங்கினா அது குடல்ல இழுபட்டு அறுத்துப் போடும். சத்தி எடுக்குதா, சாப்பிடாமக் கெடக்குதா எண்டு பாருங்க. வாயாலயோ பின்பக்கத்தாலயோ நூல் தொங்கினா இழுக்கவே வேணாம், அப்பிடியே மிருக வைத்தியரிட்டக் கொண்டு போங்க.

நாலரை மாசம் பல்லு விழுற நேரம். பால் பல்லு 28உம் போய் 42 பல்லு முளைக்கோணும், ஆறு ஏழு மாசமாகும், அது மட்டும் முரசு நோகும். அதால கடிக்கிறத நிப்பாட்ட ஏலா, எதைக் கடிக்கிற எண்டதத்தான் மாத்தலாம். தடிச்ச துணிய நனைச்சி முறுக்கி பிரிஜ்ஜில உறைய வெச்சிக் குடுங்க, நூல் பிரியத் தொடங்கினா எடுத்துருங்க. பழைய செருப்பு மட்டும் குடுக்காதீங்க, அதுக்குப் பழசு புதுசு தெரியாது.

கல்லடித் தம்பி:
நல்லாத் தின்னுது அக்கா, சத்தி ஒண்டும் இல்ல. வலையை ஏத்திட்டன். கறியில மிஞ்சிற கோழி எலும்பு கடிக்கக் குடுக்கலாமா?

ஆரையம்பதி அக்கா:
வேணவே வேணாம். அவிஞ்ச எலும்பு சில்லுச் சில்லா உடைஞ்சி தொண்டையில குத்தும். கறியில வெங்காயம், உள்ளி வேற கெடக்கும், அதுவும் நாய்க்குக் கூடாது.

அக்கரைப்பற்றான்:
பாயில இரிக்கிறதுக்கு என்ட முறைய சொல்றன். அது எழும்பி வந்த பிறகு கூப்பிட்டுத் தீன் குடுத்தா வந்ததுக்குத்தான் கூலி எண்டு படிச்சிரும், அதனால எழும்ப முந்தியே நீங்க திரும்பி வந்து பாயில வெச்சே குடுங்க, முள்ளெடுத்த அவிச்ச மீன் உப்பில்லாம ஒரு நுள்ளு காணும். முதல்ல ரெண்டு செக்கன், மறுகா அஞ்சி, மறுகா பத்து. நேரம் கூட்டுற அண்டைக்குத் தூரம் கூட்டாதீங்க. தூரம் போகப் போறீங்க எண்டா நேரத்தக் குறைச்சிக் கொள்ளுங்க. இரிக்கிற நேரம் முடிஞ்சா "சரி" எண்டு ஒரு சொல்லுச் சொல்லி நீங்கதான் எழுப்போணும், தானா எழும்பினா ஏசாம பேசாமத் திரும்ப பாய்க்குக் கூட்டிப் போங்க. நீங்க இல்லாத நேரம் கடிச்சதுக்குப் பிறகு வந்து அடிச்சா அதுக்கு விளங்காது, உங்களைக் கண்டாப் பயப்பிடத்தான் பழகும்.

ஓடி விளையாடாத குட்டி ஒரு நாளும் பாயில படுக்காது. ஊசியெல்லாம் போட்டு முடிஞ்சிதெண்டா விடிய வெயில் ஏற முந்திக் கல்லடிக் கடற்கரையில நடத்திட்டு வாங்க, மணல் சுட்டா காலும் சுடும். வந்து தண்ணி குடிச்சி ஒண்டுக்குப் போன பிறகு பழக்குங்க, அஞ்சி நிமிசத்துக்கு மேல இழுக்காதீங்க.

கல்லடித் தம்பி:
பாயில வெச்சிக் குடுக்கிறது எனக்கு இவ்வளவு நாளும் தெரியா அண்ணன், நான் கூப்பிட்டுத்தான் குடுத்தன். நாளைக்கு விடியவே தொடங்கிறன், அம்மாவுக்கும் அந்த "சரி" சொல்லைச் சொல்லி வெக்கிறன்.