திருச்சியிலிருந்து பலாலிக்கு 185 கிலோமீற்றர். ஏன் ஒரு மணி நேரம்?

அன்பார்ந்த ஊர் உறவுகளுக்கு வணக்கம்.

கோயில் தேருக்கு ஊருக்கு வர எண்ணியிருப்பவர்களில் சிலர், திருச்சி வழியாக வருவதா, சென்னை வழியாக வருவதா என்று கேட்டிருந்தார்கள். நேர்கோட்டில் அளந்தால் திருச்சிக்கும் யாழ்ப்பாண விமான நிலையம் இருக்கும் பலாலிக்கும் இடையே ஏறத்தாழ 185 கிலோமீற்றர். சென்னையிலிருந்து ஏறத்தாழ 355 கிலோமீற்றர். தூரம் இருமடங்கை நெருங்கினாலும், பயணச்சீட்டில் போட்டிருக்கும் நேரம் முதலாவதற்கு ஒரு மணியளவும் மற்றதற்கு ஒன்றேகால் மணியளவும்தான்.

இரண்டு வழியிலும் பறப்பது ஏ.டி.ஆர். 72 என்ற விசிறி விமானம். மணிக்கு ஏறத்தாழ 500 கிலோமீற்றர் வேகம் கொண்ட அது, தொடக்கம் முதல் முடிவு வரை அதே வேகத்தில் போகுமானால், திருச்சியிலிருந்து 22 நிமிடங்களில் வந்துவிட வேண்டும். ஆனால் சீட்டில் உள்ள நேரம், விமானம் தரிப்பிடத்தை விட்டு நகர்வது முதல் பலாலியில் வந்து நிற்பது வரையிலான கணக்கு. ஓடுபாதை வரை ஊர்வது, அனுமதிக்குக் காத்திருப்பது, மெல்ல மேலேறுவது, பட்டுக்கோட்டைக்குத் தெற்கே கரையைத் தாண்டிப் பாக்குநீரிணைக்கு மேல் வந்ததும் இறங்கத் தொடங்குவது ஆகிய இவையெல்லாம் தூரம் குறைந்தாலும் குறையாதவை. இலங்கை 2006 ஏப்ரலில் மீண்டும் இந்திய நேரத்துக்கே திரும்பிவிட்டபடியால், இரு கரைக்கும் ஒரே மணிதான். சீட்டிலுள்ள நேரங்களை நேரடியாகவே கழித்துப் பார்க்கலாம்.

இந்த வானவழி நமக்குப் புதிதும் அல்ல. 1947 டிசம்பர் 10ஆம் நாள் இலங்கையின் எயார் சிலோன் நிறுவனத்தின் முதல் விமானம் கொழும்பை அடுத்த இரத்மலானையிலிருந்து, பலாலியை ஒட்டிய காங்கேசன்துறை வழியாகவே சென்னைக்குப் பறந்தது. போர்க்காலத்தில் அறுந்த தொடர்பு 2019 நவம்பரில் சென்னைச் சேவையுடன் திரும்பியது. இடையில் நின்று, 2022 டிசம்பரில் மீண்டும் தொடங்கியது. திருச்சிச் சேவையை இன்டிகோ 2025 மார்ச் 30ஆம் நாள் தொடங்கியது.

ஆகவே வானில் மிச்சமாகும் கால் மணியை வைத்து வழியைத் தீர்மானிக்க வேண்டாம் என்பதே என் கருத்து. சிங்கப்பூர், கோலாலம்பூரில் இருப்பவர்களுக்குத் திருச்சிக்கு நேரடி விமானம் உண்டு என்பதால் அந்த வழி பொருந்தும்; இலண்டனில் இருப்பவர்களுக்குச் சென்னையே வசதி. இரண்டு சீட்டுகளாகத் தனித்தனியே எடுத்தால், நடுவில் குடிவரவைக் கடந்து பெட்டிகளை எடுத்து மறுபடியும் பதிய வேண்டியிருக்கும். கனடா, பிரித்தானியக் கடவுச்சீட்டு வைத்திருப்போருக்கு அதற்கு இந்திய விசாவும் வேண்டும். முதல் விமானம் தாமதித்தால் அடுத்த சேவைக்கு மறுநாள் வரை காத்திருக்க நேரலாம் என்பதையும் கணக்கில் சேர்க்கவும். விசா எடுக்க மனமில்லாதவர்கள் கொழும்பை அடுத்த கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்கி, வான் வண்டி பிடித்து ஏழெட்டு மணி நேரம் தரைவழியாக வருவதே மேல். சாமான் கூடுதலாகக் கொண்டு வருவோருக்கும் அதுதான் தோது.