அல்சைமர் பராமரிப்புப் பாடங்கள் தமிழில், ஒலி வடிவில் கிடைக்குமா?

வணக்கம். நாங்கள் கோத்தகிரி பக்கம். என் மாமியாருக்கு அல்சைமர். காலையில் சாப்பிட்டது நினைவில்லை, ஆனால் எஸ்டேட்டில் கொழுந்து பறித்த காலம் அப்படியே இருக்கிறது, சாயங்காலம் வெளிச்சம் மங்கியதும் கம்பளியைப் போர்த்திக்கொண்டு “இலை நிறுக்க நேரமாச்சு, விடும்மா” என்று கதவைத் தள்ளுகிறார். வெளியே காட்டெருமை நடமாடும் இடம், விடவும் முடியாது, மறித்தால் அழுகிறார். இந்த நோயில் பொழுது சாயும்போது குழப்பம் கூடுவது சகஜமாம். சரி, அப்போது என்ன பேசுவது, எப்படி அமைதிப்படுத்துவது? அதைத்தான் முறையாகக் கற்க வேண்டும்.

உலக சுகாதார நிறுவனத்தின் ஐசப்போர்ட் பயிற்சி, 5 பகுதிகளில் 23 பாடங்கள், இலவசம், பராமரிப்பவர்களுக்கென்றே செய்தது. டாஸ்மேனியா பல்கலைக்கழகத்தின் இலவச ஆன்லைன் வகுப்பும் உண்டு. நான் பார்த்தவை ஆங்கிலத்தில். பகல் முழுக்க அம்மாவுடன் இருப்பது என் நாத்தனார், அவருக்குத் தமிழ்தான் வரும், மழை பிடித்தால் இங்கே சிக்னலும் போய்விடும். அதனால் போனில் இறக்கி வைத்துக் கேட்கிற மாதிரி தமிழ்ப் பாடங்கள் யாரிடமாவது இருந்தால் தயவுசெய்து அனுப்புங்கள்.

அப்புறம், குன்னூர், ஊட்டி, கூடலூர் பக்கம் வீட்டில் இப்படி ஒருவரைப் பார்த்துக்கொள்பவர்கள் இருக்கிறீர்களா? வாரம் ஒருமுறை மதியத்தில், அம்மா தூங்கும் நேரமாகப் பார்த்து, போனில் பேசிக்கொள்ளலாம். வீடியோ வேண்டாம், குரல் போதும். மருந்து யோசனைகள் மட்டும் வேண்டாம், அதை டாக்டர் பார்த்துக்கொள்கிறார். விருப்பமுள்ளவர்கள் இன்பாக்ஸில் சொல்லுங்கள்.