பாமினி உபதலைப்பைச் சரிசெய்யத் தெரிஞ்ச ஆக்கள் தேவை

கிளிநொச்சி திரைப்பட விழாவுக்கு வந்த இரண்டு ஆவணப்படங்களின்ர தமிழ் உபதலைப்பு, ஆங்கில எழுத்துகளின்ர இடத்தில தமிழைக் காட்டுற பாமினி எண்ட பழைய எழுத்துருவில இருக்கு. திரையில 'ம்' வரவேண்டிய இடத்தில ஆங்கிலக் 'கே'யும் அரைப்புள்ளியும்தான் வருது. உபதலைப்பு இருக்கிற எஸ்ஆர்டி கோப்பை முழுசா யூனிகோடுக்கு மாத்தினால் நேரக் குறியீடும் பழுதாகும்: பாமினியில காற்புள்ளிதான் 'இ', அதால நேரத்தில விநாடிக்குப் பக்கத்தில இருக்கிற காற்புள்ளியும் மாறி 'இ' வந்து குந்தும். (இதைத்தான் கனபேர் கவனிக்கிறேல்ல.) வசன வரிகளை மட்டும் மாத்தி, யூடிஎஃப்-8 எண்ட யூனிகோடு வடிவத்தில சேமிக்கவேணும்.

ஒரு படத்தின்ர உபதலைப்பு விநாடிக்கு 25 பிரேமுக்கு நேரம் போட்டது, படமோ 24. ஒரு மணித்தியாலத்தில வசனம் 2 நிமிடத்துக்கு மேல முந்தும். சப்டைட்டில் எடிட் எண்ட உபதலைப்பு மென்பொருள் பாவிக்கிற ஆராவது வவுனியா, முல்லைத்தீவுப் பக்கம் இருந்தால் கீழே சொல்லுங்கோ. கோப்பு அனுப்பலாம், இரண்டு பின்னேர வேலைதான்.