மொட்டைமாடி சோலார்: பழைய மின்கட்டண ரசீது தருவீர்களா?

வணக்கம். மதுரையில் எங்கள் தெருக்காரர்கள் சிலர் சேர்ந்து, வீட்டு சோலார் பற்றி வரும் ஞாயிறு மாலை ஒரு சிறு கூட்டம் வைத்திருக்கிறோம். மானியக் கணக்கைச் சொல்லிவிடலாம்: 2024இல் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 1 கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், 2க்கு 60,000, 3க்கும் அதற்கு மேலும் 78,000. ஒரு கிலோவாட் நாளொன்றுக்குச் சுமார் 4 யூனிட் தரும் என்பதையும் விளக்கிவிடுவோம்.

சிக்கல் வேறு. "கரண்ட் போனால் சோலாரும் நின்றுவிடுமாமே, பிறகு எதற்கு?" என்கிறார் எதிர்வீட்டுப் பெரியவர். பேட்டரி இல்லாத அமைப்பு, நம் வீட்டு மின்சாரம் தெருக் கம்பிக்குப் போய்க் கம்பத்தில் வேலை செய்யும் லைன்மேனைத் தாக்கிவிடக் கூடாது என்பதற்காகவே நின்றுவிடுகிறது என்றேன். சிரித்தார், நம்பவில்லை. எங்களுக்கு விலை சொன்ன விற்பனையாளரோ இதை மூச்சே விடவில்லை!

ஆகவே, ஏற்கெனவே சோலார் போட்டவர்கள் முன்னும் பின்னும் வந்த இருமாத ரசீதுகளை, பெயரையும் இணைப்பு எண்ணையும் மறைத்துவிட்டு, இங்கே பதிவிட முடியுமா? விண்ணப்பித்ததிலிருந்து நெட் மீட்டர் (நாம் வாங்கும் மின்சாரம், திருப்பி அனுப்பும் மின்சாரம் இரண்டையும் கணக்கிடும் மீட்டர்) வரும்வரை எத்தனை நாள் ஆயிற்று என்றும் சொல்லுங்கள். அடுக்குமாடியில் பொது மாடியைப் பங்கிட்டவர்கள் யாராவது இருந்தால், அண்டை வீட்டாரை எப்படிச் சம்மதிக்க வைத்தீர்கள்? சண்டை நடந்திருந்தால் அதையும் எழுதுங்கள். சனிக்கிழமைக்குள் கிடைத்தால் அச்செடுத்துவிடுவேன்.