மறு: நல் ஹைப்பாதெசிஸ் – சுழியமா, இன்மையா?

> 'சுழியக் கருதுகோள்' என்றே வைத்துக்கொள்வோம். குறியீட்டிலும் எச்-க்குக் கீழே சுழியம்தானே போடுகிறோம்?

வணக்கம் ஐயா. புள்ளியியல் சோதனையில் முதலில் உண்மை என்று வைத்துக்கொண்டு, தரவு அதற்கு முரணாக இருக்கிறதா என்று பார்க்கும் கருதுகோள்தான் நல் ஹைப்பாதெசிஸ் (null hypothesis). அதற்குத்தான் நம் சொற்பட்டியலுக்குத் தமிழ்ப் பெயர் தேடுகிறோம். குறியீட்டில் வரும் அந்தச் சுழியம் வெறும் அடையாள எண். மாணவர் அதை மதிப்பாக எடுத்துக்கொள்கிறார். ஈருறுப்புப் பரவலை (இரண்டே விளைவுகள் உள்ள முயற்சிகளுக்கான நிகழ்தகவுப் பரவல்) வைத்து விகிதத்தைச் சோதிக்கும் கணக்கில் 'சுழியக் கருதுகோள்: விகிதம் = 1/2' என்று பலகையில் எழுதிப் பாருங்கள். "இதில் சுழியம் எங்கே சார்?" என்று ஒரு குரலாவது வரும்.

'இன்மை' பரவாயில்லை, வேறுபாடு இன்மை என்று விரிக்கலாம். 1710இல் மருத்துவர் ஜான் ஆர்பத்னாட் லண்டன் ஞானஸ்நானக் கணக்குகளை ஆராய்ந்தாரே, அதற்கு நன்றாகவே பொருந்தும். 1629 முதல் 82 ஆண்டுகள். ஒவ்வோர் ஆண்டும் ஆண் குழந்தைகளே அதிகம். ஆணுக்கும் பெண்ணுக்கும் சம வாய்ப்பு என்றால் இப்படி நேர்வதற்கான நிகழ்தகவு 1/2இன் 82ஆம் அடுக்கு. அவர் இதைக் கடவுளின் ஏற்பாடு என்று முடித்தது வேறு கதை.

ஆனால் மரபியல் முன்னோடி மெண்டலின் பட்டாணிக்கு என்ன சொல்வது? 7,324 விதைகளில் 5,474 உருண்டை, 1,850 சுருங்கியவை. சோதிப்பது: உருண்டை விதைகளின் விகிதம் = 3/4. வர வேண்டியது 5,493, குறைவது 19. தற்செயலாக எவ்வளவு விலகலாம் என்று காட்டும் திட்டவிலக்கமோ ஏறத்தாழ 37. கருதுகோளை விலக்கக் காரணமே இல்லை. இங்கே எதன் இன்மை? மெண்டலின் கொள்கையே அல்லவா அந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது! (மெண்டலின் முடிவுகள் மொத்தத்தில் அளவுக்கு மீறிப் பொருந்துகின்றன என்று புள்ளியியலாளர் ஃபிஷர் 1936இல் ஐயப்பட்டார். அதற்குத் தனி இழை தொடங்கலாம்.)

'நல்' என்ற அடைமொழியைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவரும் ஃபிஷர்தான். இந்தக் கருதுகோளை நிறுவ முடியாது, தகர்க்க மட்டுமே இயலும் என்று 1935இல் எழுதினார். செய்யும் வேலையை வைத்தே பெயரிடலாமே. என் முன்மொழிவு: ஆய்படு கருதுகோள். செயப்படுபொருளில் வரும் அதே 'படு'. 'சோதனைக் கருதுகோள்' எளிமைதான். ஆனால் 'கருதுகோள் சோதனை' பக்கத்தில் வந்தால் தலை சுற்றும்.

> அப்படியானால் மாற்றுக் கருதுகோள் ஆயப்படாததா?

பெரும்பாலும் ஆம், அம்மா. மாற்றுக் கருதுகோள் என்பது ஆய்படு கருதுகோளுக்கு எதிராக நிறுத்துவது. பி-மதிப்பு (கிடைத்த அளவுக்கோ அதற்கும் மேலோ விலகிய முடிவு தற்செயலாக வருவதற்கான நிகழ்தகவு) முழுக்க ஆய்படு கருதுகோள் உண்மை என்று வைத்துக்கொண்டே கணக்கிடப்படுகிறது. பரவலின் ஒரு வாலை (ஓரத்தை) மட்டும் பார்ப்பதா, இரண்டையுமா என்று முடிவுசெய்யத்தான் மாற்று உதவுகிறது. சோதனையின் திறனை (மாற்று உண்மையாக இருக்கும்போது ஆய்படு கருதுகோளை விலக்குவதற்கான நிகழ்தகவை) கணக்கிடும்போது மட்டும் அதற்கும் 0.6 என்பதுபோல் ஓர் எண் தர வேண்டும். அங்கே என் சொல் கொஞ்சம் இடறும்தான்.

சொற்பட்டியலில் 'இன்மைக் கருதுகோள்' இணைச்சொல்லாக இருக்கட்டும். பழகியவர்கள் அதைத்தான் தேடுவார்கள். சுழியத்தை எடுத்துவிடலாம்.