வற்றக் காய்ச்சிய கஷாயமும் ஆழ்துளைக் கிணற்று நீரும்

பெரியப்பா (6:40): இருமல் விட்டபாடில்லை. அதிமதுரக் கஷாயத்தைக் காலையும் மாலையும் குடித்து வருகிறேன். மூலிகைதான் என்பதால் பக்க விளைவு எதுவும் இராது என்று நம்புகிறேன். உங்கள் கருத்து என்ன?

நான் (6:58): பெரியப்பா, நீங்கள் இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுவதால் அதிமதுரத்தை இன்றே நிறுத்திவிடுங்கள். அதிலுள்ள கிளைசிரைசின் உடலில் உப்பையும் நீரையும் தேக்கி, பொட்டாசியத்தைச் சிறுநீரில் வெளியேற்றுவதால், தொடர்ந்து குடிப்பவர்களுக்கு அழுத்தம் ஏறக்கூடும். சிறுநீரைப் பெருக்கும் மாத்திரையும் சேர்ந்தால் பொட்டாசியம் மேலும் இறங்கி இதயத் துடிப்பே தடுமாறலாம். ராமிப்ரில், எனலாப்ரில் போன்ற அழுத்த மாத்திரைகளே சிலருக்கு வறட்டு இருமலைத் தரும் என்பதையும் மறக்க வேண்டாம். மாத்திரையை நீங்களாக நிறுத்தாமல், அதன் அட்டையையும் கஷாயப் பொடியையும் மருத்துவரிடம் எடுத்துச் சென்று காட்டுங்கள்.

சித்தி (7:15): காலங்காலமாக மக்கள் பயன்படுத்தும் மூலிகை தீங்கானது என்றால் இதற்குள் தெரிந்திருக்காதா?

நான் (7:31): குடித்தவுடன் வாந்தியோ மயக்கமோ வந்தால் தெரிந்திருக்கும், சித்தி. பல ஆண்டுகள் கழித்து வரும் கேட்டை அன்று குடித்த மூலிகையோடு யாரும் இணைத்துப் பார்ப்பதில்லை. 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் எடை குறைப்பு மாத்திரைகளில் அரிஸ்டோலோகியா இனத்து மூலிகை கலந்திருந்ததால் பெண்கள் பலருக்குச் சிறுநீரகம் செயலிழந்தது; அவர்களில் சிலருக்குப் பின்னர் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் வந்தது. நம் ஆடுதீண்டாப்பாளையும் அந்த இனம்தான். எல்லா மூலிகையும் அப்படி என்று நான் சொல்லவில்லை. எந்த மூலிகை, எவ்வளவு, எத்தனை நாள், வேறு என்ன மருந்தோடு என்று கேட்காமல் குடிப்பதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

சித்தி (7:44): சரி, அது இருக்கட்டும். பேத்திக்குப் புட்டிப்பால் கலக்க ஆழ்துளைக் கிணற்று நீரை நன்றாகக் கொதிக்க வைத்து ஆற்றித்தான் எடுக்கிறோம். கண்ணாடி போலத் தெளிவாகவே இருக்கிறது. அது போதும்தானே?

நான் (8:05): கிருமிக்குப் போதும், சித்தி, நீர் தளதளவென்று கொதித்து ஒரு நிமிடம் நின்றாலே கிருமிகள் மடிந்துவிடும். ஆனால் உரத்திலிருந்தும் கழிவுநீர்த் தொட்டியிலிருந்தும் நிலத்தடியில் இறங்கும் நைட்ரேட் கொதிப்பதால் போகாது. நீர் ஆவியாகக் குறையக் குறைய அதன் செறிவு கூடத்தான் செய்யும். நிறமோ மணமோ சுவையோ இல்லாததால் தெளிவைப் பார்த்து முடிவு செய்யவும் முடியாது. உலக சுகாதார நிறுவனம் வகுத்த அளவு லிட்டருக்கு 50 மில்லிகிராம். அதைத் தாண்டினால், குறிப்பாகப் பச்சிளம் குழந்தைகளின் இரத்தம் உயிர்வளியைச் சுமக்கும் திறனை இழந்து, உதடும் நகமும் நீலம் பாரிக்கலாம். நீரை ஆய்வகத்தில் பரிசோதிக்கக் கொடுங்கள்; முடிவு வரும்வரை குழந்தைக்கு மட்டுமாவது வேறு பாதுகாப்பான நீரை எடுங்கள். கஷாயத்துக்கும் இதே கணக்குத்தான்: நான்கு டம்ளரை ஒரு டம்ளராக வற்ற வைத்துக் குடிப்பவர், நான்கு டம்ளர் நீரிலிருந்த நைட்ரேட், ஃபுளோரைடு, ஆர்செனிக் அத்தனையையும் ஒரே டம்ளரில் குடிக்கிறார்.

அண்ணன் (8:20): அப்படியானால் புற ஊதா விளக்கு உள்ள வடிகட்டியை இன்றே வாங்கிப் பொருத்திவிடலாமா?

நான் (8:33): அவசரப்பட வேண்டாம், அண்ணா. அந்த விளக்கு கிருமியைக் கொல்லுமே தவிர, கரைந்திருக்கும் நைட்ரேட்டைத் தொடாது. அதற்கு எதிர் சவ்வூடு பரவல் (ஆர்.ஓ.) போன்ற முறை வேண்டும். நீரில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் கருவி வாங்கினால் பணமும் போகும், குறையும் தீராது.

சித்தி (8:41): ஆய்வகத்துக்கு எந்தப் பாட்டிலில் கொண்டுபோக வேண்டும்?

நான் (8:50): கிருமிச் சோதனைக்கு அவர்கள் தரும் கிருமிநீக்கிய பாட்டிலில்தான் பிடிக்க வேண்டும், மூடியின் உட்புறத்தில் விரல் படக் கூடாது, பிடித்தவுடன் குளிர்ச்சியாக வைத்து அன்றே ஒப்படைத்துவிடுங்கள். நைட்ரேட், ஃபுளோரைடு, ஆர்செனிக் மூன்றையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். கேட்காவிட்டால் கடினத்தன்மையோடு நிறுத்திவிடுவதும் உண்டு.

பெரியப்பா (9:02): மருத்துவரிடம் மாலை ஐந்து மணிக்கு நேரம் வாங்கிவிட்டேன். பொடியும் மாத்திரை அட்டையும் பையில் இருக்கின்றன.